மூன்றே கால் அடி

மாதா துணை
அக்காள்மடம்
12-1-1955

அன்பு மச்சானுக்கு,

அத்தை இருக்கிறார், நானும் இருக்கிறேன். இதற்கு மேல் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

பக்கவாதம் வந்து உங்கள் அம்மா படுக்கையில் விழுந்து, மூன்று ராஜாக்கள் திருநாளோடு இரண்டு வருடம் முடிந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு விரிப்பு, ஆறு துண்டு துவைக்கிறேன். கிணற்றடியில் கிடக்கிற கல் என் முழங்காலுக்கும் கீழே. குனிந்தே நின்றுவிட்டு நிமிரும்போது இடுப்பில் வலை ஊசியை ஏற்றுகிற மாதிரி இருக்கிறது. தண்ணீரோ உப்பு. சவுக்காரம் நுரைக்காமல் திரிதிரியாகச் சுருள்கிறது. இந்த வாடைக்காற்றில் காய்ந்த துணியும் கைக்கு ஈரமாகவே படுகிறது.

நேற்று மாற்றிய விரிப்பை உடனே நனைத்துவிட்டு, “ஏத்தா, கோவிச்சுக்கிறாத” என்றார் அத்தை. நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல் விரிப்பை உருவிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் ஆஸ்பத்திரி ஸ்டோரில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். உங்களுக்குச் சொன்னால் புரியாது. புரியாவிட்டாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். வாசலைப் பார்த்ததுதான் மிச்சம்.

உங்கள்
ஜெபமாலை


கொழும்பு
3-2-1955

பிரியமுள்ள ஜெபமாலைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை படிக்கத் தெம்பில்லை.

கிணற்றுக்கு மேற்கே அய்யா வலைக்கொட்டகை போட்டிருந்த இடம் அவர் போன பிறகு சும்மாதானே கிடக்கிறது. அங்கே துவைப்பதற்கென்றே ஓர் அறை கட்டிவிடுவோம். படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கோடு கோணலாக இருந்தால் இடக்கைக்காரனை மன்னித்துக்கொள்.

அறைக்கு இரண்டு வாசல் வேண்டும். அழுக்கு ஒன்றில் நுழைந்து, வெள்ளை மற்றதில் வெளியேற வேண்டும். இரண்டும் வழியில் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. நுழைந்ததும் ஊறவைக்கிற தொட்டி, அடுத்து வெந்நீர் அடுப்பு, அப்புறம் துவைக்கிற கல், கடைசியில் அலசுகிற தொட்டி. துணி முன்னே போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வராது. நீ நாலு எட்டுக்கு மேல் நடக்க வேண்டியிராது. தரை, முழத்துக்கு ஒரு விரல் சரிவாக இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் வழுக்கும்.

கல் தரையில் கிடக்கக் கூடாது. மேடை கட்டி அதன் மேல் பதிக்க வேண்டும். உயரம் சரியாக மூன்றே கால் அடி. இது நின்று பார்த்து அளந்தது. இந்த உயரத்தில் நாள் முழுக்க நின்றாலும் இடுப்பு நோகாது.

அறை முடிகிற வரைக்கும் ஒன்று செய். அம்மாவின் துணியை முதலில் வெந்நீரில் போடாதே, கறை உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீர். பிறகு சாம்பலைக் கரைத்துத் தெளிந்த நீரில் ஊறப்போடு. நல்ல தண்ணீரைக் கடைசி அலசலுக்கு மட்டும் வைத்துக்கொள்.

ஈஸ்டருக்கு வரப் பார்க்கிறேன்.

உன்
வேதமுத்து


அக்காள்மடம்
1-3-1955

அன்பு மச்சானுக்கு,

படத்தை ஹமீது கொத்தனாரிடம் காட்டினேன். “மனுசங்களுக்கே ஒத்த வாசல்தான் இங்கன. துணிக்கு ரெண்டு வாசலாம்ல!” என்று சிரியோ சிரி என்று சிரித்தார். ஆனாலும் மறுநாளே வந்து அஸ்திவாரம் தோண்டிவிட்டார்.

படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்தவர் போட்ட படமாகத் தெரியவில்லை. வெள்ளை வெளியேறுகிற வாசலை மேற்கே வைத்திருக்கிறீர்கள். கச்சான் காற்று கிளம்பினால் அத்தனை மணலும் ஈரத்துணியில்தான் வந்து ஒட்டும். வடக்கே மாற்றச் சொல்லிவிட்டேன். கழிவுத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் ஓடவிட்டிருக்கிறீர்கள், அதைத் தென்னைக்குத் திருப்பினேன். சவுக்காரம் வைக்கிற குழியைக் கல்லுக்கு இடப்பக்கம் போட்டிருக்கிறீர்கள். நான் வலக்கையால் சோறு தின்கிறவள் என்பதுகூட மறந்துபோயிற்றா?

பச்சைத் தண்ணீர் யோசனை பலிக்கிறது. கறை முக்கால்வாசி போய்விடுகிறது. ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது?

ஈஸ்டருக்கு வருவீர்கள் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். தினமும் கேட்கிறார்.

உங்கள்
ஜெபமாலை


கொழும்பு
22-3-1955

ஜெபமாலை,

வாசலையும் கழிவையும் நீ மாற்றியது சரி. இங்கே காற்றில் மணல் கிடையாது, அதனால் எனக்குத் தோன்றவில்லை. கல்லின் உயரத்தை மட்டும் குறைத்துவிடாதே. கொத்தனார் வழக்கம்போலத் தாழ்வாகக் கட்டத்தான் பார்ப்பார்.

ஆஸ்பத்திரியில் நாலு பேர் வேலை செய்வதைப் பார்க்கிறேன். பார்த்துத் தெரிந்துகொண்டதுதான், வேறொன்றுமில்லை.

ஈஸ்டருக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

வேதமுத்து


அக்காள்மடம்
18-4-1955

மச்சானுக்கு,

அத்தையிடம் பக்குவமாகச் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மேடை எழும்பிவிட்டது. கல்லை ஏற்றியதும் ஹமீது என்னை அதன் முன்னால் நிற்கச் சொன்னார். குள்ளமான எனக்குக் கல் நெஞ்சுக்கு வந்தது. இதில் துணியை ஓங்கி அடித்தால் தோள்தான் கழன்று விழும். “தங்கச்சி, இது ஒனக்கு எடுத்த அளவு இல்ல. நல்ல ஒசரமான ஆளுக்கு எடுத்தது” என்றார். அவர் மனதில் ஒன்றுமில்லாமல்தான் சொன்னார். என் மனதில்தான் தங்கிவிட்டது.

நின்று பார்த்து அளந்தது என்று எழுதினீர்களே, நின்றது யார்?

துணியின் நெளிவுசுளிவு ஒரு ஆம்பளைக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது? ஏழு வருடத்தில் இரண்டே தடவை வந்திருக்கிறீர்கள். அங்கே உங்கள் சட்டையைத் துவைத்துப் போடுகிற உயரமான ஒருத்தி இருந்தால் சொல்லிவிடுங்கள். அவள் அளவுக்கு ஒரு கல்லை இங்கே கட்டிவைத்து, அதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அழக்கூட எனக்கு நேரமில்லை, துணி ஊறிக்கொண்டிருக்கிறது.

வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஜெபமாலை


கொழும்பு
5-5-1955

ஜெபமாலை,

நின்றது நான்தான். அது என் இடுப்பு அளவு.

ஸ்டோர் வேலை என்பது பொய். வந்த முதல் மாதம் மட்டும் ஸ்டோரில் மூட்டை தூக்கினேன். பிறகு துணி வெளுக்கிற இடத்தில் ஆள் தேவை என்றார்கள், போனேன். ஏழு வருடமாக அங்கேதான் நிற்கிறேன். நோயாளிகளின் விரிப்பு, கட்டுத்துணி, ஆபரேஷன் துணி எல்லாம் என் கை வழியாகத்தான் போகின்றன. போன தடவை வந்தபோது என் கை வெடிப்பைப் பார்த்து என்னவென்று கேட்டாய். ஸ்டோரில் மூட்டை பிரிக்கும்போது கயிறு அறுத்தது என்றேன். கயிறு இல்லை, சலவைச் சோடா.

அய்யா கோயில் வாசலில் நின்று, “எம் மகன் ஆபீஸ்காரன்” என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார். கடலுக்குப் போக மாட்டேன் என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தவன் நான். வந்து அடுத்தவன் அழுக்கைத் துவைக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஒவ்வொரு தடவையும் லீவு கேட்டேன், கிடைக்கவும் செய்தது. இந்த ஈஸ்டருக்குக்கூடக் கிடைத்தது. கிடைக்கவில்லை என்று உனக்கு எழுதிவிட்டும் மனசு கேட்காமல், கப்பல் ஏறுகிற கப்பலடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். ஊரில் யாராவது, “ஆபீஸ்ல என்னலே வேலை?” என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்தேன்.

உனக்குத்தான் அந்த அறையைப் போட்டேன், சத்தியமாக. ஆனால் கண்ணை மூடினால் எனக்குத் தெரிகிறது நான் நிற்கிற இடம் ஒன்றுதான். அதைத்தான் என் கை போட்டிருக்கிறது.

அலுத்துவிட்டது ஜெபமாலை. நீ முகம் கொடுப்பாயென்றால் வருகிறேன். இல்லையென்றால் அதையும் எழுதிவிடு.

வேதமுத்து


அக்காள்மடம்
30-5-1955

அன்பு மச்சானுக்கு,

பதில் தாமதமானது கோபத்தினால் இல்லை. அத்தைக்கு வயிறு சரியில்லாமல் போய், பத்து நாளாக எனக்குக் கை காயவில்லை.

முதலில் கோபமாகத்தான் இருந்தது. துவைக்கிறதற்காக இல்லை. கப்பலடி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனீர்களே, அதற்காக. அத்தை அந்த ஈஸ்டர் அன்று சாப்பிடவே இல்லை, தெரியுமா? நீங்கள் அங்கே யார் யாருடைய விரிப்பையோ அலசிக்கொண்டு நின்ற அதே நேரத்தில், நான் இங்கே உங்கள் அம்மாவின் விரிப்பை அலசிக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் ஒரே வேலை செய்திருக்கிறோம். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளத்தான் இல்லை. எனக்கும் அலுத்துவிட்டது மச்சான். உங்களுக்காவது மூன்றே கால் அடியில் ஒரு கல் இருந்தது.

இடப்பக்கம் சவுக்காரக் குழியைப் பார்த்தபோதே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். அது இடக்கைக்காரன் கை போகிற இடம். உயரமான பொம்பளையைத் தேடிக்கொண்டிருந்ததில் அது கண்ணில் படவில்லை.

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டிவிட்டேன். என்மேல் கோபப்படாதீர்கள், அவரிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. முழுசாகக் கேட்டுவிட்டு, “அப்பம் எம் பீத்துணிய அவனே வந்து தொவைக்கட்டும். நீ கொஞ்சம் படு” என்றார். வாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

யாராவது என்ன வேலை என்று கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள், நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஹமீது திரும்ப வந்து, “கல்லை எறக்கிப் பதிச்சிரவா தங்கச்சி?” என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். சவுக்காரக் குழியும் இடப்பக்கமேதான். நேற்று கூரை வேய்ந்து முடித்தாயிற்று.

அந்தக் கல் எனக்கு எட்டாது மச்சான். நீங்கள் வருகிற வரைக்கும் நான் கிணற்றடியில்தான் குனிந்துகொண்டிருப்பேன்.

உங்கள்
ஜெபமாலை