தப்பு இலாகா

ஜனவரி 9, செவ்வாய்

தொண்டை கட்டிவிட்டது. மூன்றாம் வகுப்பில் முப்பது பேர் இருந்தாலும் நான் கத்துவது என்னவோ ஒருத்திக்காகத்தான். எட்டு வயது. போன வாரம்தான் சேர்ந்தாள். அவளுக்கு இது மூன்றாவது பள்ளி. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் ஆசிரியர் அறையில் அதற்குள் 'குட்டி வக்கீல்' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

இன்று நான் கணக்கைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைக் கத்திவிட்டாள். பிறகு மேசைக்கு அடியில் புகுந்து முன்வரிசைக்காரர்களின் ஷூ லேஸ்களை ஒன்றோடொன்று முடிந்து வைத்தாள். மணி அடித்ததும் வரிசையே சரிந்தது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஜனவரி 11, வியாழன்

சீக்கிரம் முடித்துவிட்டு வம்பு செய்கிறாள், வேலையைக் கூட்டிவிட்டால் போயிற்று என்று நேற்று முடிவெடுத்தேன். மற்றவர்களுக்குப் பத்துக் கணக்கு, அவளுக்கு இருபது. பெரிய மூளைக்காரி நான்.

இன்று ஒரு கணக்குகூடப் போடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"முடிச்சா இன்னும் தருவீங்க. நான் என்ன லூசா?"

சிரிப்பை மறைக்க, ஜன்னலைச் சாத்தப் போவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஜனவரி 18, வியாழன்

இரட்டைப் பின்னல் போட்டு வரும் பெண் தப்பாக விடை எழுதியிருந்தாள். வக்கீல் எட்டிப் பார்த்து, இதுகூடத் தெரியாதா என்று அந்தத் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டாள். ஒரே அழுகை. மாலையில் அந்தப் பெண்ணின் அப்பா வந்து தலைமையாசிரியை அறையில் குதிகுதியென்று குதித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் எனக்கு அழைப்பு. மார்ச் வரை பார்ப்பார்களாம். மாறவில்லையென்றால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்களாம். ஒரு பிள்ளைக்காக மற்றவர்களைப் பலிகொடுக்க முடியாது என்றார். நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் கடுப்பு.

வக்கீலின் அம்மாவும் வந்தார். தையல் ஆலையில் வேலை. நான் வாயைத் திறப்பதற்குள் மன்னிப்புக் கேட்டு, எங்கே கையெழுத்துப் போடணும் என்று பேனாவையும் எடுத்துவிட்டார். பழகிப்போய்விட்டது, பாவம். வீட்டில் எப்படி என்று விசாரித்தேன். ரேடியோவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சத்தமே வராதாம். திரும்ப மாட்டிவிடுவாளா என்று கேட்டேன். சில நேரம் என்றார்.

ஜனவரி 22, திங்கள்

கை தூக்காமல் பதில் சொல்லக் கூடாது என்று இன்றும் பாட்டுப் பாடினேன். இடைவேளையில் வக்கீல் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"நான் கை தூக்கினா நீங்க கேக்கவே மாட்டீங்க டீச்சர். கத்தினாதான் என் பக்கம் பாக்குறீங்க."

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வகுப்பில் என்னையே நான் வேவு பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது! அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், தெரியாதவர்களைத்தானே கேட்க வேண்டும் — இதை நல்ல வழக்கம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? ஒழுங்காகக் கை தூக்கினால் கண்டுகொள்ள ஆளில்லை. மேசைக்கு அடியில் புகுந்தால் டீச்சரே ஓடி வருகிறாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் புகுந்திருப்பேன். வெட்கமாக இருந்தது.

ஜனவரி 24, புதன்

இன்று பலகையில் நானே தப்பு விட்டேன். ஏழெட்டு ஐம்பத்து நாலு. வக்கீல் பிடிப்பாள் என்பது தெரிந்ததுதான். தூங்கி வழியும் கடைசி வரிசைகூட நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. டீச்சர் சறுக்கினால் பிள்ளைகளுக்கு அப்படியொரு ஆனந்தம்.

சட்டென்று ஒரு யோசனை. வக்கீலைக் கூப்பிட்டு வேலை கொடுத்தேன். தினமும் காலையில் அவள் பலகையில் ஒரு கணக்குப் போட வேண்டும். அதில் ஒரே ஒரு தப்பை ஒளித்து வைக்க வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

"தப்புப் பண்றதுதான் வேலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். இனி அவள்தான் எங்கள் தப்பு இலாகா மந்திரி.

வீட்டில் சொன்னேன். தனக்கு நல்ல அனுபவம் இருப்பதால் அந்த வேலைக்குத் தன்னையும் பரிசீலிக்கலாம் என்றார் என் கணவர்.

ஜனவரி 29, திங்கள்

மந்திரி ஒளித்து வைக்கும் தப்பு யாருக்கும் எட்டவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கையெல்லாம் கொண்டுவருகிறாள். யாரும் கண்டுபிடிக்காததால் பேசவும் முடியாமல் வெடித்துவிடுவாள்போல் உட்கார்ந்திருந்தாள். இதுங்களுக்கு ஒண்ணுமே தெரியல என்று என்னிடம் புகார்.

"அவங்க எங்க தடுக்கி விழுவாங்கன்னு உனக்குத்தான் தெரியல" என்றேன்.

முறைத்தாள். நல்ல முறைப்பு.

பிப்ரவரி 1, வியாழன்

மதியச் சாப்பாட்டு வேளையில் வக்கீல், இரட்டைப் பின்னலின் பக்கத்தில்! பதறிப்போய் ஓடினேன். சண்டையில்லை. கழித்தல் கணக்கில் அந்தப் பெண் எந்த இடத்தில் குழம்புகிறாள் என்று உளவு பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடன் வாங்கிய பிறகு பக்கத்து எண்ணைக் குறைக்க மறக்கிறாளாம். அப்படிச் செய்தால் அவளுக்கு ஏன் சரியாகத் தோன்றுகிறது என்பதையும் எனக்கு விளக்கினாள். எனக்கே அது புதிது.

பிப்ரவரி 2, வெள்ளி

மறுபடி ஷூ லேஸ். ஒரு ஜோடிதான். முன்னேற்றம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

பலகையில் 403 − 158 = 255 என்று எழுதியிருந்தாள். எல்லோரும் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்த நேரத்தில் தலைமையாசிரியை சொல்லாமல்கொள்ளாமல் உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார் — இவளுக்குப் போய் வேலை கொடுத்தோமே என்பதுபோல. சாக்பீஸை எடுத்து 255ஐ அழித்துவிட்டு 245 என்று எழுதத் தொடங்கினார்.

"அய்யோ, சொல்லாதீங்க. இன்னும் யாரும் கண்டுபிடிக்கல!"

பாய்ந்து போய் அவர் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கிவிட்டாள். தலைமையாசிரியை கையிலிருந்து! அது இரண்டாக உடைந்து விழுந்தது. அம்மாவை வரச் சொல்லுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தப்பு முழுக்க என்னுடையது. மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா? வேண்டாம்னு சொல்லிடுவாங்களோன்னு மறைச்சேன். இப்ப மாட்டிக்கிட்டது யாரு? அந்தப் பிள்ளை. என்ன காரியம்டி பண்ணி வெச்சிருக்கே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 14, புதன்

காலையில் முதல் வேலையாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தப்புச் சொல்லிக்கொடுக்கவா சம்பளம் என்று கேட்டார். ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். மார்ச் முதல் தேதி வருவாராம். அதற்கு மேல் பேச்சே கிடையாதாம். அம்மாவைக் கூப்பிடுவது அதுவரை தள்ளிப்போனது.

வக்கீலை மன்னிப்புக் கேட்க அனுப்பினேன். "பிடுங்கினது தப்புதான் மேடம். ஆனா நீங்க விடையைச் சொன்னதும் தப்பு." மன்னிப்பிலும் வாதம். தலையில் அடித்துக்கொண்டேன்.

மார்ச் 1, வெள்ளி

வந்தார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். வக்கீல் கணக்கை எழுதிவிட்டு ஓரமாக நின்றாள்.

ஒரு கைகூட உயரவில்லை. கடைசியில் இரட்டைப் பின்னல் எழுந்தாள். பலகையையே பார்த்தாள், விரல் விட்டு எண்ணினாள், விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். வக்கீல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தாள். இதோ கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வக்கீல் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"சிரிக்காதீங்க. அவ யோசிச்சிட்டிருக்கா."

அதன் பிறகு இரட்டைப் பின்னல் கண்டுபிடித்தாள். தலைமையாசிரியை எழுந்து போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்ச் 4, திங்கள்

அடுத்த வருடமும் இங்கேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

உடனே வக்கீலின் அம்மாவுக்குப் போன் போட்டேன். பள்ளியிலிருந்து பேசுகிறேன் என்பதற்குள், இதோ வர்றேன் என்று வைத்துவிட்டார். திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆலைச் சீருடையோடு, மூச்சிரைக்க, வகுப்பு வாசலில் நின்றார். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. உங்க பொண்ணு நல்லா இருக்கா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். மூன்றாம் வகுப்பின் குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பலகையில் மகள் போட்டிருந்த கணக்கில் தப்பைத் தேடத் தொடங்கினார்.