வெட்டின காணியும் வெட்டாத காடும்

அன்புள்ள அழகம்மா,

உன் முதுகு வலி தேவலையா? சின்னவளுக்கு இருமல் நின்றதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது.

புதுக்குடியிருப்புக்குப் பக்கத்தில் காட்டை வெட்டித் தந்தால் இரண்டு ஏக்கர் எனக்கு என்று நல்லதம்பி முதலாளி சொன்னாரே, பாலை மரங்களை வேரோடு தோண்டி எரித்தேன். பாலைப் பழம் தேன் மாதிரி இருக்கும், பிள்ளைகள் விடமாட்டார்கள். அது கிடக்கட்டும். போன வாரம் அவர் வேலிக்கு அப்பால் அடர்ந்த காட்டைக் காட்டி, "அங்காலை கிடக்கு உன்ரை ரெண்டு ஏக்கர். வெட்டின காணியைத் தாறன் எண்டு நான் எப்ப சொன்னனான்?" என்று சிரித்தார்.

தேத்தண்ணிக் கடை ஜவாஹிர் நானா முன்பு வவுனியாவில் ஒரு வக்கீலிடம் வேலை செய்தவர். "இதுக்கு இங்கிலீசில ஷிக்கேனரி எண்டு பேர். பச்சைப் பொய் இல்ல தம்பி, சொன்ன சொல்லுக்குள்ளயே குழி வெட்டுறது. கோட்டில வக்கீல்மார் ஆளையாள் அப்பிடித்தான் ஏசுவினம்" என்றார்.

"நம்ம தேயிலைத் தோட்டத்துல ஆள் மேய்க்கிற கங்காணிங்க இப்படித்தான் ஏய்ப்பாங்க, இதுக்குக் கங்காணித்தனம்னு பேரு நானா" என்றேன்.

வெட்டின காணியிலேயே குடிசை போட்டுவிட்டேன். முதலாளி வந்து கத்தினார்.

"ரெண்டு ஏக்கர்னீங்க. இது இல்லேன்னு எப்ப சொன்னீங்க?" என்று கேட்டேன். ஆள் கூட்டி வருகிறேன் என்று போயிருக்கிறார்.

கம்பளியும் கொஞ்சம் நல்ல தேயிலையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு உடனே புறப்படு. தனி ஆளைத் துரத்துவது சுலபம். அடுப்பு எரிகிற குடிசையில் கை வைக்கத் தயங்குவார்கள். இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டிய பஸ் வந்துவிட்டது.

வீரமுத்து