விடு என்றால்

மார்ச் 4

குள்ளனுக்கு,

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதி வேன் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். இடது கையில் தையல். சட்டைப் பொத்தானைக்கூட என் மனைவிதான் போட்டுவிடுகிறாள்.

அந்த வீட்டு மாடிப்படியில் ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது, அதைச் சுற்றும் போர்வையை வேனில் மறந்தது யார் என்று வம்புக்கு இழுத்தவன் நீ. "விடு, அப்புறம் பேசிக்கலாம்" என்றுதான் சொன்னேன். பேச்சை விடச் சொன்னால் கண்ணாடியையா விடுவாய்? கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லையா உனக்கு? இனி உன்னோடு ஒரு சில்லுகூடத் தூக்கமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

நெட்டை

மார்ச் 6

நெட்டைக்கு,

கை எப்படி இருக்கிறது? அதைக் கேட்டுவிட்டுத்தான் திட்ட வேண்டும்.

இத்தனை வருடமாகக் கண்ணாடியைக் கீழே வைக்க நமக்குள் என்ன வார்த்தை? "விடு." மேல்படியில் பின்பக்கமாக ஏறுபவன் நான். எனக்குப் படியும் தெரியாது, சுவரும் தெரியாது. நீ சொல்வதுதான் தெரியும். சொன்னாய், விட்டேன். நீ சொல்லும் ஒவ்வொன்றையும் நின்று யோசித்துக்கொண்டிருந்தால் என்றைக்கோ இரண்டு பேரும் உருண்டிருப்போம்.

எனக்கு வயிறு எரிவது அதற்கில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முதலாளியிடம் போனாயே. குடித்திருந்தாயா என்று அவர் என்னைக் கேட்கிறார். நான் சொன்னதை நம்பவில்லை. இந்த வாரத்தோடு நின்றுகொள் என்கிறார். நடந்ததைச் சொல்ல வேண்டியவன் நீ. கெஞ்சமாட்டேன்.

குள்ளன்

மார்ச் 9

குள்ளனுக்கு,

முதலாளியிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். "ரெண்டு பேருக்கும் வேற வார்த்தையே கிடைக்கலையா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். உன் வேலைக்கு ஆபத்தில்லை.

எனக்கு ஆத்திரம் இன்னும் தீரவில்லை. போர்வையை மறந்தது நீதான், அதில் மாற்றமே இல்லை.

தையல் பிரித்ததும் வருகிறேன். இனிமேல் கீழே வைக்க "இறக்கு". இன்னொன்று, மேல்படியில் பின்பக்கமாக ஏறுவது இனி நான். என் உயரத்துக்கு முதுகு ஒடியக் குனிய வேண்டும், தெரியும். நீ சொல், நான் ஏறுகிறேன்.

மேலே ஒரு வரியை அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய். "பழசையெல்லாம் விடு" என்று எழுதியிருந்தேன். நீ கையில் எதை வைத்துக்கொண்டு படிப்பாயோ, யார் கண்டார்கள்.

நெட்டை