இனிஷல் மாறிய தங்கை

இரத்தோட்டை
12.11.1997

என் செல்ல மகள் அஞ்சலாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகம், மழைதான் விடாத இருமல் மாதிரி. கொழும்பு மடத்தில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாயிருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு காரியம், மற்றதெல்லாம் பிறகு. போன கடிதத்தில் ரிலேட்டிவ் மைனர், அதாவது ஒரு மேஜர் ஸ்கேலுக்குச் சொந்தமான மைனர் ஸ்கேல் எது என்று நான் எழுதியது பிழை, முழுப் பிழை. C மேஜருக்குச் சொந்தம் C மைனர்தான், இரண்டுக்கும் ஒரே இனிஷல் தானே என்று பெரிய மேதாவி மாதிரி எழுதிவிட்டேன். சனிக்கிழமை வெஸ்டர்ன் மியூசிக் பரீட்சையில் நீ அதை அப்படியே எழுதி வைத்தால் என்ன செய்வது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு தடவை தவறியாயிற்று, இந்த முறையும் போனால் பாட்டு டீச்சர் இடம் வேறு ஆளுக்கு என்று சிஸ்டர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதுவே மண்டைக்குள் ஓடுகிறது. அப்பாவிடம் சொன்னால், "மைனருக்குப் பதினெட்டு வயசானா தானா மேஜராயிடும், அதுக்குப் போயி ஏன் புள்ளயப் போட்டு வதைக்கிற" என்கிறார், அவரை என்ன செய்ய.

ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒஸ்வல்ட் பாதரிடம் பழைய தியரிப் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு கோயில் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தேன். C மைனரை வாசித்தால் மூன்று கறுப்புக் கட்டை வந்து நிற்கிறது. C மேஜரில் கறுப்பு ஒன்றுகூட இல்லையே, இது எப்படி ஒரே வீட்டுப் பிள்ளையாகும்? பிறகு A-யில் தொடங்கி அடுத்த A வரை வெள்ளைக் கட்டையாகவே வாசித்தேன் பார், அதே ஏழு பேர், தலைமை மட்டும் வேறு, உடனே வீட்டின் முகமே வாடிவிட்டது. அதையே திரும்பத் திரும்ப வாசித்தேனா, கீழே தோட்டத் தொழிலாளர் லயத்து மரியாயி குடையும் கையுமாக ஓடி வந்து, "யாரு டீச்சர் செத்தது? நான் வெத்தல பாக்குக்கூட வாங்கிட்டேன்" என்றாள். யாரும் சாகவில்லை, மகள் பாஸாகப் போகிறாள் என்று அனுப்பினேன். வெற்றிலையை இருவருமாகப் போட்டு முடித்தோம்.

ஆகவே இப்படி நினைவில் வை. மேஜர் அக்கா, ரிலேட்டிவ் மைனர் கட்டிக்கொடுத்த தங்கை. போன இடத்தில் இனிஷல் மாறிவிட்டது, இரத்தம் ஒன்று. அவளைக் கண்டுபிடிக்க அக்காவிலிருந்து வெள்ளை கறுப்பு ஒன்றும் விடாமல் மூன்று கட்டை இறங்கு. C-க்கு A, G-க்கு E. ஹார்மோனிக் மைனர் என்று கேட்டால் மட்டும் ஏழாவது சுரத்தை அரைப்படி, அதாவது ஒரு கட்டை, உயர்த்து. உயர்த்தாவிட்டால் அது தொடங்கிய சுரமான வீட்டுக்கு முழுப்படி தள்ளி, போகிற எண்ணமே இல்லாமல் நிற்கும். உயர்த்தினால் வாசலில் ஒரு கால் வைத்தாயிற்று, உள்ளே போகாமல் இருக்க முடியாது. பாடிப் பார்த்தேன், நான் கல்லூரியில் பாடிய கீரவாணி ராகமேதான்! இத்தனை வருஷம் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இதை நேற்றே எழுதி முடித்து, தபாலை நம்பாமல், மிளகு லொறி ஓட்டும் இத்ரூஸ் நானாவிடம் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், இதுக்குள்ள இத்தன மேஜர்? செக்பொயின்ட்ல ஒரு மேஜர் நின்டாலே எனக்கு ஒரு மணித்தியாலம் போகுது" என்றார். அதனால்தான் ஒரு நாள் பிந்தி, பாதி மேஜரை எடுத்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன், உறை மேல் சிங்களத்தில் இது பாட்டுப் பாடம் என்றும் போடுகிறேன். நாளைக் காலை லொறி புறப்படுகிறது, வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

பரீட்சைக்குப் போகும்போது அடையாள அட்டையை மறக்காதே, தனியே போகாதே. முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவர ஆசை வரும், எனக்குத் தெரியும். இரவுப் பயணம் வேண்டாம், விடிந்த பிறகு பஸ் ஏறு. பாஸோ பெயிலோ, கட்டிலில் உன் பாயை விரித்தே வைத்திருக்கிறேன். மாதா உன்னோடு இருப்பாராக. ஏழாவதை உயர்த்த மறக்காதே.

உன் தாத்தா ரபாயேல் இனிஷலில் பிறந்து, உன் அப்பா நோபர்ட் இனிஷலில் கையெழுத்துப் போடும்
உன் அம்மா,
நோ. மரிய கொறற்றி