சுவருக்குள் எரிந்த தொண்ணூற்றாறு வாட்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் தலைவலி காய்ச்சல் என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். எடுத்தேன் என்று பெயர், என் கையில் காஜா எடுக்க வேண்டிய சட்டை இருக்கிறது, நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுத மாட்டாளாம், "லெட்டர்னா ஒழுங்கா இருக்கணும்மா" என்கிறாள். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். இது பாதியில் வைக்கிற விஷயம் இல்லை.

நீ வெளியூர் வயரிங் வேலைக்குப் புறப்படுவதற்கு முந்தின வாரம் தையல் அறைக்கு இழுத்துக் கொடுத்த கரண்ட் லைன் ஞாபகம் இருக்கிறதா, அந்தப் பெரிய இஸ்திரிப் பெட்டிக்காக? அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் உன் அப்பாவின் நாற்காலி. பஸ் ஓட்டிவிட்டு வந்ததும் முதுகை அந்த இடத்தில் சாய்த்துக்கொண்டு "என் புள்ள எனக்கு ஒத்தடம் வச்சுட்டுப் போயிருக்கான்" என்பார். நானும் தொட்டுப் பார்ப்பேன், கை வைத்தால் இதமாக இருக்கும். அடுத்த அறைச் சூடு, இஸ்திரி போடுகிற அறைதானே என்று நானே அதற்கு ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். இந்தக் குளிர்காலம் முழுக்க அந்த இடத்துக்கு அப்பாவுக்கும் தங்கைக்கும் போட்டி. இதற்கு நடுவில் இஸ்திரிப் பெட்டி சூடேற நேரம் எடுக்கிறது என்று பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் மீட்டர் வைத்துப் பார்த்து, மெயின் போர்டில் இருநூற்று முப்பது வோல்ட், இஸ்திரி பிளக்கில் இருநூற்றுப் பதினெட்டு, எட்டு ஆம்பியர் இழுக்கிறது என்றார். "பன்னெண்டு வோல்ட்டுதானேக்கா, போனாப் போவுது, பெட்டி பழசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன் தங்கை அந்தப் பன்னிரண்டு வோல்ட்டைப் போக விடவில்லை. இனி அவளே சொல்லட்டும், கணக்கை எழுதாவிட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன் என்கிறாள்.

அண்ணா, நான்தான். அவர் சொன்ன எண்களை நோட்டில் குறித்துவைத்தேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் திறன், இவ்வளவுதான் எங்களுக்குப் பாடம். பெட்டிக்கு 218-ஐ 8-ஆல் வகுத்தேன், 27.25 ஓம் வந்தது. பெட்டியின் தகட்டில் 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கிறது, அதன்படி 26.45 வர வேண்டும். கிட்டத்தட்டச் சரி, பெட்டிமேல் குற்றமில்லை. அப்படியானால் அந்தப் பன்னிரண்டு வோல்ட் எங்கே? 12-ஐ 8-ஆல் வகுத்தால் 1.5 ஓம். அவ்வளவு தூரத்துக்கு நல்ல கம்பியில் கால் ஓம்கூட வராது. 12-ஐ 8-ஆல் பெருக்கினால் 96 வாட். அது எரிகிற இடம் அப்பா முதுகு சாய்க்கிற அந்தச் சூடான இடம்தான்; இஸ்திரி ஓடுகிற நேரமெல்லாம், கிட்டத்தட்ட நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைச் சுவருக்குள் வைத்துப் பூசியதுபோல. கூட்டிக் கழித்து மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் அப்பாவை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னேன்.

மறுபடி அம்மா. எழுந்திருப்பாரா அவர்? "கணக்கு டீச்சர் வந்துட்டாங்க, செவுத்தையும் ஃபெயிலாக்கிட்டுத்தான் போவாங்க" என்று சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை. சுவரை உடைக்க வேண்டாம் என்று சத்தம் போட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும், இப்போது அவர்களுக்கும் தெரியும். அன்றைக்குக் கம்பி நீளம் பத்தவில்லை, நடுவில் ஒட்டுப் போட்டாய், ஒட்டுக்கு ஒரு பெட்டி வைத்து மூடி போட வேண்டும் என்றாய். "புதுசா வெள்ளையடிச்ச செவுத்துல அது என்ன மரு மாதிரி, முறுக்கி டேப்பைச் சுத்தி உள்ள வச்சுப் பூசிடு" என்று சொன்னது நான். நீ தயங்கினாய். அம்மா சொல்கிறாளே என்று பூசினாய். கடைசியில் நான் அதைச் சொன்னதும் எலக்ட்ரீஷியன் திரும்பி வந்து மெயினை அணைத்துவிட்டு உளியை வைத்தார். டேப் கரியாகியிருந்தது, கம்பியின் மேலுறை உருகி வழிந்திருந்தது, தையல் அறைப் பக்கம் சுவரை ஒட்டி நிற்கிற அலமாரியின் பின்பலகையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு. அந்தப் பலகைக்கு முன்னால்தான் தைக்க வந்த துணியெல்லாம் அடுக்கியிருந்தேன். அப்பா பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தூக்கி வேறு பக்கம் போட்டார்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, சொன்னவள் நான், பழியும் என்னுடையது. ஆனால் வீட்டில் ஒரு தரம் செய்து ஒன்றும் ஆகாமல் போனால் கை அதையே பழகிக்கொள்ளும் இல்லையா? எனக்குத் தையலில் அப்படித்தான். நீ அங்கே போன புதிதில் ஏதோ விடுதிக்கு மூன்று மாடி வயரிங் முடித்ததாகச் சொன்னாயே, அங்கே எந்தச் சுவரிலாவது இந்த மாதிரி ஒட்டுப் போட்டுப் பூசியிருக்கிறாயா? இருந்தால் உன் மேஸ்திரியிடம் போய்ச் சொல்லு. திட்டுவார், வாங்கிக்கொள், வேலையை விட்டு அனுப்பினாலும் பரவாயில்லை, இந்த வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். கையால் தொட்டுப் பார்த்தால் மட்டும் போதாது, இரண்டு முனையிலும் மீட்டர் வைக்கச் சொல்கிறாள் தங்கை.

வேறு செய்தி இல்லை. நம் வீட்டில் புதுக் கம்பி இழுத்தாயிற்று, ஒட்டுக்கு வைத்த பெட்டியும் மூடியும் மரு மாதிரிதான் நிற்கிறது, நிற்கட்டும். அப்பா சுவரைத் தொட்டுத் தொட்டு "சில்லுன்னு கெடக்குது" என்று குறைபட்டுக்கொள்கிறார், எனக்கு அந்தச் சில்லிப்பில்தான் தூக்கம் வருகிறது. நீ நோய் நொடியில்லாமல், கெட்ட பெயர் எடுக்காமல், நூறு வயது இருக்க வேண்டும் கண்ணு. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம், முதலில் அந்த விடுதிக்குப் போ. அங்கேயும் யாரோ ஒருவர் வேலை முடிந்து வந்து, இதமாக இருக்கிறதே என்று முதுகைச் சாய்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
உன்னைப் பூசச் சொன்ன அம்மா
(எழுதியதும் கணக்குப் போட்டதும் தங்கை)