தலைவர் நாற்காலியில் ஒரு துண்டு

1987, சித்திரை. வெள்ளிக்கிழமை ராத்திரி.

ஊருக்குப் பின்னால இருக்கிற கோட்டை மலையோட சூடு இன்னும் அடங்கல. தூக்கமும் வரல.

தலைவர் மெட்ராஸ் போயிருக்கார். வெளியூர் போனா தன் துண்டை நாற்காலி மேல போட்டுட்டுப் போறது அவர் வழக்கம். அவர் இல்லாதப்ப பஞ்சாயத்துக் கூட்டத்தை நடத்தவேண்டியது துணைத்தலைவர், அதாவது நான். ஆனா அந்த நாற்காலியில உக்கார மாட்டேன். பக்கத்து பெஞ்சுல இருந்துதான் நடத்துவேன். இன்னிக்கும் அப்படித்தான்.

என் வார்டு அஞ்சலை காலிக் குடத்தோட உள்ள வந்தா. அவ தெரு அடிபம்பு உடைஞ்சு கிடக்குது. மெக்கானிக் வீடு ஆபீசுக்கு எதிர்லதான். ஒரு குரல் குடுத்தா வந்திருப்பான். நான், "தலைவர் வரட்டும்மா"ன்னேன்.

"உனக்குத்தானேண்ணே ஓட்டு போட்டோம்? அப்ப நீ இன்னாத்துக்கு இருக்கிற?"

அவ குடத்தைக் கீழ வச்சுட்டு, துண்டைப் பாத்துக் கும்பிட்டா. "தலைவரே, எங்க தெருவுல தண்ணி இல்ல. பிள்ளைங்க குட்டைத் தண்ணிய மொண்டு குடிக்குதுங்க. கொஞ்சம் பாத்துச் செய்யுங்க"ன்னு நிதானமா சொல்லிட்டுப் போயிட்டா. மெம்பருங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சேன்னு தெரியல.

எல்லாரும் போனப்புறம் ஃபேன் காத்துல துண்டு கீழ விழுந்துது. பாக்க ஒருத்தரும் இல்ல. அப்பவும் குனிஞ்சு எடுத்தேன். தூசி தட்டி, மடிச்சு, அதே நாற்காலி மேல போட்டுட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.