நூற்றில் முப்பத்து நான்கு

ஜனவரி 9, வியாழன்

காலை ஷிஃப்ட் முடித்து, கரி போகத் தேய்த்துக் கை கழுவி, சட்டை மாற்றி, பஸ் பிடித்து மூன்று மணிக்குக் கல்லூரி. நாற்பத்தேழு வயதுக்காரனுக்குச் செய்த பெஞ்ச் இல்லை அது; முழங்கால் இடிக்கிறது.

பாடத்தின் பெயர் ‘ஆற்றல் பயன்பாடும் சுற்றுச்சூழலும்’. எங்கள் அனல் மின் நிலையத்தை மார்ச்சில் மூடுகிறார்கள். இதில் தேறினால் புதிய சோலார் நிலையத்தில் வேலை. தேறாவிட்டால் பழைய நிலையத்தைப் பிரித்துப்போடும் வேலை, அதுவும் ஆறு மாதத்துக்குத்தான். கொதிகலன் பிரிவிலிருந்து ஐந்து பேர் வந்திருக்கிறோம். மற்ற அறுபது பேரும் சின்னஞ்சிறுசுகள். எங்களுக்குப் பிள்ளை பிறந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

பேராசிரியை உள்ளே வந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று பேராசிரியை போர்டில் ஒரு நிலக்கரி நிலையத்தை வரைந்தார். இடது பக்கம் நூறு பங்கு வெப்பம். வலது பக்கம் முப்பத்து நான்கு பங்கு மின்சாரம். “மீதி எங்க போச்சு, யாராவது சொல்லுங்க” என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து சொன்னேன்: “மேடம், கொதிகலன்ல நூத்துக்கு எண்பத்தெட்டு தேறும். தப்பு எங்க பக்கம் இல்ல. அது டர்பைனுக்கு அப்புறம்.”

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “சரியாச் சொன்னீங்க” என்று, டர்பைனைத் தாண்டிய நீராவியின் சூடு குளிர்கோபுரம் வழியாகப் போவதை அம்புக்குறி போட்டுக் காட்டினார். பெரிய அம்பு. மின்சாரத்துக்குப் போட்டதைவிடப் பெரியது.

இது எனக்குத் தெரியாத சங்கதியா? காதில் விழுந்ததுதான். ஆனால் பஸ்ஸில் வரும்போது மனசு கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்த அனலில் நின்று வெந்தது, முக்கால்வாசி ஆகாயத்தைச் சூடாக்கவா? முக்கால்வாசி இல்லை, மூன்றில் இரண்டு. சரி, அதனால் என்ன ஆறுதல்?

ஜனவரி 22

அசதி. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்திலேயே கண் சொருகுகிறது. அதனால் என் மனைவி துணி தைத்துக்கொண்டே எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். வாசிப்பதோடு விட்டால் பரவாயில்லை. புத்தகத்தோடு சண்டை வேறு.

“‘நுகர்வோர் தமது பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும்’னு போட்டிருக்கான். எதைன்னு சொல்றானா பாருங்க. இந்த ஆளு வீட்ல ஒரு நாளாவது துணி தேய்ச்சிருப்பானா?”

வீட்டு மின்சாரத்தை அளந்து அறிக்கை எழுத வேண்டும், இருபத்தைந்து மதிப்பெண் என்றேன். மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நான் மதியம் படுத்து எழுந்தபோது அவள் ஸ்டூல் மேல் ஏறி மீட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள், கையில் போன். மீட்டரிலுள்ள சிவப்பு விளக்கு ஒரு யூனிட்டுக்கு மூவாயிரத்து இருநூறு தடவை மினுக்கும் என்று அதன் மேலேயே போட்டிருக்கிறதாம். ஒவ்வொரு சாமானாகப் போட்டு, நிமிஷத்துக்கு எத்தனை மினுக்கல் என்று எண்ணியிருக்கிறாள்.

“என் தையல் மெஷின் பத்து ஓடுனா எவ்வளவோ, அவ்வளவையும் இந்த ஒத்த இஸ்திரிப்பெட்டி குடிக்குதுங்க!”

பிறகு எல்லாவற்றையும் அணைத்தாள். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. எது என்று தேடி, டிவி பெட்டிக்குக் கீழே இருந்த சின்னப் பெட்டியைப் பிடுங்கினாள். நின்றது. குழந்தை மாதிரி சிரித்தாள். ஃப்ரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்தாள், வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் செத்துப்போய், அது ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனை வருஷமாகவோ!

அறிக்கையை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதினோரு பக்கம்.

மார்ச் 6, வியாழன்

என்ன காரியம் செய்தேன்.

நேர்முகத் தேர்வில் பேராசிரியை என் அறிக்கையைப் புரட்டியபடியே இருந்தார். “இத்தனை வருஷத்துல இவ்வளவு கவனமா யாரும் அளந்ததில்ல” என்றார். பக்கத்தில் இன்னொரு கல்லூரிக்காரர். அவர் கேட்டார்: “காலையில எடுத்த அளவும் சாயங்காலம் எடுத்ததும் வேற வேறயா இருக்கே, ஏன்?”

எனக்குத் தெரியவில்லை. காலையில் அவள் எடுத்ததை நான் பார்த்ததே இல்லை, அப்போது நான் ஷிஃப்டில். ஏதாவது அளந்துவிட்டிருக்கலாம், வாய் இருக்கிறதே. ஆனால் அவர் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்திருந்தார். அது அவளுடைய அளவு. வாய் தானாகச் சொல்லிவிட்டது:

“இத நான் செய்யல சார். என் சம்சாரம் செஞ்சது.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியை மெதுவாக, “அப்ப நான் மார்க் போட முடியாதே” என்றார். தெரியும் மேடம் என்றேன்.

வெளியே எங்கள் ஐவரில் ஒருவனான கிரேன் ஆபரேட்டர் தலையில் அடித்துக்கொண்டான். “யோவ், நான் என் மச்சான்கிட்ட எழுதி வாங்கினேன். வாயத் தொறந்தேனா? உனக்கு என்ன கேடு?”

மார்ச் 7

அவளிடம் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “உண்மை பேச உங்களுக்கு வேற நாளே கிடைக்கலையா?” அதன்பின் பேச்சில்லை.

மார்ச் 14, வெள்ளி

பட்டியல் ஒட்டினார்கள். ஐந்தில் நான்கு பெயர். ஒன்பது மதிப்பெண் குறைவு எனக்கு.

மார்ச் 17, திங்கள்

காலை பத்தே காலுக்குக் கொதிகலனை அணைத்தோம். மேலதிகாரி பேசினார், போட்டோ எடுத்தார்கள். சத்தம் அடங்க அடங்க ஏதோ காது அடைத்தமாதிரி. கிரேன்காரன் அழுதான், அவனுக்கு வேலை கிடைத்தும்கூட. எனக்கு அழுகை வரவில்லை. எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

மார்ச் 20, வியாழன்

மதியம் பேராசிரியை வீட்டுக்கே வந்துவிட்டார். நான் பதறிப்போய் நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினேன். “நான் உங்களப் பாக்க வரல” என்றார்.

ஆயிரம் வீடுகளுக்குப் போய் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளக்கும் ஆய்வு ஒன்று கல்லூரியில் தொடங்குகிறதாம். பிள்ளைகளை அனுப்பினால் சமையலறை வரை விடுவதில்லையாம். விட்டாலும் பிள்ளைகளுக்கு எதைப் பார்ப்பது என்று தெரிவதில்லையாம்.

“நான் பத்தாவதுங்க” என்றாள் இவள்.

“சாயங்காலம் எடுத்த அளவு ஏன் குறைஞ்சுது?”

“சாயங்காலம் எல்லா வீட்லயும் லைட் போடுவாங்க, எங்க தெருவுல கரண்ட் கொஞ்சம் டல்லாயிடும். இஸ்திரிப்பெட்டி சூடேறவே லேட்டாகும். நீங்க கவனிச்சதில்லையா?”

பேராசிரியை பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அவர் போனபின் அவள் என்னைப் பார்த்தாள். பதிமூன்று நாள் கழித்து முழுசாக ஒரு வாக்கியம்: “போகவா?”

என்னைக் கேட்பானேன். போ என்றேன். உடனே சொல்லவில்லை, ஒரு நொடி தாமதித்தேன். அந்த ஒரு நொடியில் என்ன நினைத்தேன் என்பதை இங்கேகூட எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

பிரிப்பு வேலைக்கு என் முறை பதினைந்தாம் தேதிதான். அதுவரை வீடு.

எட்டரைக்கே அவள் கிளம்பிவிட்டாள். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, கண்ணாடியில் பார்த்து, கழற்றி, மறுபடி மாட்டினாள். வாசலில் நின்று, “நல்லாருக்கா?” என்றாள். நல்லாருக்கு என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

பத்து மணிக்குக் குப்பை கொட்டப் போனபோது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: “என்ன, மூணு வாரமா வீட்லயே இருக்கீங்க, லீவா?”

“என் சம்சாரம் வேலைக்குப் போயிருக்கா” என்றேன்.

அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று படியேறும்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய்த் திருத்திச் சொல்லத் தோன்றவில்லை.